ஒரு மணித்தியாலத் துக்கம்

முதலாவது ஆள் கதவைத் தட்டவில்லை.

நான் குசினியில் நின்று மிஸிஸ் பெர்லின் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வயதானவர் உள்ளே வந்து, சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைக் கால்மிதியில் துடைத்துவிட்டு, நேரே முன்னறைக்குப் போய்ச் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார். ஹலோ இல்லை, சிரிப்பு இல்லை. என்னை ஒருமுறை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

தெரிந்தவர் யாரோ என்று நினைத்தேன். இரண்டாவது ஆளும் அப்படியே வந்தார். பிறகு இருவர் சேர்ந்து வந்தார்கள். பிறகு ஊன்றுகோலோடு ஒருவர். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. கதிரைகள் முடிந்ததும் பிந்தி வந்தவர்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர்.

பின்னேரம் நாலரை மணி இருக்கும். பனிக்காலம் என்றபடியால் வெளியே இருட்டிவிட்டது. உள்ளே ஒரு விளக்குத்தான் எரிந்தது. வீட்டில் இருந்த கண்ணாடிகள் எல்லாவற்றையும் முதல்நாள் நான் வெள்ளைப் படுக்கை விரிப்புகளால் மூடிக் கட்டியிருந்தேன். அந்தத் துணிகளுக்கு நடுவில் பன்னிரண்டு கிழவர்கள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

மிஸிஸ் பெர்ல் கால் வைக்கிற சின்ன முக்காலியில் குந்தியிருந்தார். இத்தனை ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் தன் வீட்டுக்குள் வந்து இருக்கிறார்களே என்று அவர் திகைக்கவில்லை. இவர்கள் வருவார்கள் என்று தெரிந்தே இருந்தவர்போல இருந்தார். நான்தான் துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

போன கிழமை இந்தப் பத்திக்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இத்தனை வருடம் கிழவர் கிழவிகளின் வீடுகளில் வேலை செய்திருக்கிறீர்களே, ஒரு பேய்க்கதைகூட இல்லையா என்று கேட்டிருந்தார். இது பேய்க்கதைதானா என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

சிவப்பு ஸ்பொஞ்ச், நீல ஸ்பொஞ்ச்

அப்போது எனக்கு பாதர்ஸ்ட் வீதியில் வேலை. ஸ்காபரோவில் இருந்து ஃபிஞ்ச் பஸ்ஸைப் பிடித்து, மாறி ஏறி, போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். அந்த வீதியில் யூத மக்களின் உதவி நிலையம் ஒன்று இருந்தது. தனியே வாழும் முதியவர்களைக் குளிக்க வார்க்கவும், மருந்து கொடுக்கவும், சும்மா கூட இருக்கவும் என்னைப் போன்றவர்களை அனுப்புவார்கள். மத்தியானத்தில் தங்கள் சமய விதிப்படி சமைத்த சாப்பாட்டைத் தொண்டர்கள் காரில் கொண்டுவந்து தருவார்கள். விடிந்ததும் ஒருவர் போன் எடுத்து, எழும்பிவிட்டீர்களா என்று கேட்பார். அந்த வீதியில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அரை மணித்தியாலத்தில் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் சனம் கலியாண மண்டபம் கட்டுவதில் காட்டிய கெட்டித்தனத்தில் பாதியை இதில் காட்டியிருந்தால் என்று நான் பெருமூச்சு விடாத நாள் இல்லை.

என் பெயர் சுகந்தி. நிலையத்தில் முதல்நாளே அதைச் 'சூ' ஆக்கிவிட்டார்கள். சூ முதல் கிழமையே ஒரு வீட்டில் திட்டு வாங்கினாள். சிவப்பு ஸ்பொஞ்ச் இறைச்சிப் பாத்திரத்துக்கு, நீலம் பால் பாத்திரத்துக்கு. இரண்டும் தொடக்கூடாது, கழுவுகிற தொட்டியே வேறு வேறு. எனக்கு இது விளங்கக் கனநேரம் எடுக்கவில்லை. எங்கள் அம்மாவிடம் வெள்ளிக்கிழமைச் சட்டி வேறு, மீன் சட்டி வேறு. அதை மாறி எடுத்துவிட்டு இதைவிட மோசமாகத் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான்.

மிஸிஸ் பெர்ல் இருந்த தொடர்மாடியில் சனிக்கிழமை லிஃப்ட் ஒன்று இருந்தது. சனிக்கிழமையில் பட்டன் அமத்துவது அவர்களுக்கு ஆகாது. அதனால் லிஃப்ட் தானாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, திரும்ப மூடும். முதல் சனிக்கிழமை எனக்கு இது தெரியாது. ஏறினேன். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது, ஒருவரும் இல்லை. மூன்றிலும் அப்படித்தான். ஒவ்வொரு மாடியிலும் அதே மண்ணிறக் கம்பளம், அதே மூடிய கதவுகள், ஏறுவதற்கு ஆள் இல்லை. ஒன்பதாம் மாடி வரும்வரை முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஆறு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது. ஒன்றை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவர்களுடைய சாவீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கும் ஒருவரின் வீட்டில் சாவு விழுந்தால் சொந்தபந்தம் வந்து வீட்டை நிறைத்துவிடும். எங்களுக்கு அந்தக் கிழமை லீவு. அதனால் அப்படி ஒரு வீட்டுக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத வசனம்

இனி எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

என் தம்பி குகன் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். இருபத்தாறு வயது. ஒரு பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த ஒருவரையும் பிறகு நாங்கள் காணவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அம்மாவுக்கு அவன் உயிரோடு இருக்கிறான். சாத்திரி ஒருவர், பிள்ளை தெற்குப் பக்கம் தண்ணீருக்குக் கிட்ட இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். உலகத்தில் எந்த இடம்தான் தண்ணீருக்குக் கிட்ட இல்லை என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் சின்னம்மா அடக்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா, அந்தியேட்டியாவது செய்வோம், பிள்ளையின் ஆத்துமா அலையக்கூடாது என்று மெல்லச் சொன்னார். அம்மா எழும்பிப் போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சின்னம்மா பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். கூடப் பிறந்த தங்கச்சியோடு அன்றிலிருந்து பதினொரு வருடம் பேச்சு இல்லை.

சின்னம்மாவின் கார் போன பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இது:

"அவன் செத்திட்டான் எண்டு ஆர் வாயால சொல்லீனமோ, அவை எனக்குச் சகோதரமுமில்லை, பிள்ளையுமில்லை."

நான் சொல்லவில்லை. எனக்குக் குடும்பம் என்று வேறு இல்லை. அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. அவன் செத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வருடாவருடம் அவன் பிறந்தநாளுக்கு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் துண்டு வாங்குவேன். குகன், உத்தரட்டாதி நட்சத்திரம் என்று எழுதிக் கொடுப்பேன். ஐயர் அந்தப் பெயரைச் சொல்லி நீண்ட ஆயுள் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசும். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்.

அந்த ஒரு வசனத்தை நான் சொன்னால் அம்மா எனக்கு இல்லை. பதினைந்து வருடம் இந்தப் பயத்தோடுதான் வாழ்ந்தேன்.

கண்ணாடிக்குள் நின்றவன்

மிஸிஸ் பெர்லுக்கு எண்பத்தொன்பது வயது. மறதி நோய். எதைச் சொன்னாலும் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும். என் பெயரை ஒருநாளும் வைத்திருந்ததில்லை. தினமும் காலையில் நீ புதிதா என்று கேட்பார். நானும் தினமும் புதிதாக வேலைக்குச் சேருவேன். இரவுக்கு வேறொரு பெண் வருவாள். ஒரே மகள் வான்கூவரில்.

புருசன் தளபாடக் கடை வைத்திருந்தவராம். வீடு நிறையக் கண்ணாடி. வாசலில் ஆள் உயரத்தில் ஒன்று, அலுமாரிக் கதவுகளில் இரண்டு, சாப்பாட்டு மேசைக்கு மேல் வட்டமாக ஒன்று, குளியலறையில் ஒன்று, இன்னும் சின்னதாக இரண்டு.

முதலில் அவர் கண்ணாடியில் தெரிந்த கிழவிக்காகக் கவலைப்பட்டார். அந்த மனுசிக்கு ஏன் நீ சாப்பாடு கொடுக்கவில்லை என்று என்னைக் கேட்டார். பிறகு, அவள் என்னுடைய கம்பளிச் சட்டையைப் போட்டிருக்கிறாள் என்று முறைப்பட்டார். பிறகு பயம் வந்துவிட்டது. நான் கிட்டப் போனால் அவளும் கிட்ட வருகிறாள், இரவிலும் போகிறாள் இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருடைய விரல்கள் எப்போதும் குளிர்ந்துபோய் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். வாசல் கண்ணாடிக்கு முன்னால் அவரை இருத்தித் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"உனக்குப் பின்னால் நிற்கிற பெடியன் யார்?"

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பெடியன் என்று கேட்டேன்.

"ஒல்லியானவன். சட்டை நனைந்திருக்கிறது."

திரும்பிப் பார்த்தேன். கோட் மாட்டுகிற தடியில் அவருடைய புருசனின் பழைய மழைக்கோட்டு தொங்கியது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கோட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து சீப்பை எடுத்தேன். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இப்போது கீழே இருந்துவிட்டான்" என்றார்.

நாங்கள் படித்த படிப்பில், மறதி நோய்க்காரர் கண்ணாடிக்குப் பயந்தால் கண்ணாடியை மூடிவிடச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அன்றைக்கே ஏழு கண்ணாடிகளையும் மூடினேன். குளியலறைக் கண்ணாடிக்குத் துவாயைப் போட்டு ஒட்டுநாடாவால் ஒட்டினேன். 'அவருடைய பயத்தைக் குறைக்க' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அது பொய். நான் மூடியது எனக்காக. இன்றுவரை இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

யார் செத்தது?

மறுநாள் காலை நான் போனபோது மிஸிஸ் பெர்ல் உடுத்திக்கொண்டு நின்றார். தானாக உடுத்திக்கொண்டதை நான் அதுவரை கண்டதில்லை. வாசல் கண்ணாடியின் துணியைத் தடவிக்கொண்டு நின்றவர், நீ புதிதா என்று கேட்கவில்லை.

"யார் செத்தது?"

ஒருவரும் இல்லை என்றேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மெத்தைக் கதிரையில் இருக்க மாட்டேன் என்று முக்காலியில் போய் இருந்தார். கதவைப் பூட்டாதே, சும்மா சாத்தி வை என்றார். நான் பூட்டினால் போய்த் திறந்துவிட்டு வந்தார். திரும்பக் கேட்டார்.

மத்தியானம் சாப்பாடு வந்தது. கொண்டுவரும் தொண்டர் ஓய்வுபெற்ற பல்வைத்தியர். வாயாடி. தினமும் வாசலில் நின்று ஒரு பகிடி விட்டுவிட்டுத்தான் போவார். அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வாசல் கண்ணாடியைக் கண்டார். முக்காலியில் இருந்த மிஸிஸ் பெர்லைக் கண்டார். அவருடைய முகம் மாறியது. சாப்பாட்டுப் பெட்டியைச் சத்தம் போடாமல் மேசையில் வைத்தார். என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை, நாளைக்குச் சந்திப்போம் என்றும் சொல்லவில்லை. பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று பட்டது. என்ன பிழை என்றுதான் பிடிபடவில்லை.

சாப்பாடு முடிந்து நான் கீழே இருந்து மிஸிஸ் பெர்லின் காலுறையை மாற்றிக்கொண்டிருந்தேன். பதினோராம் தடவையோ பன்னிரண்டாம் தடவையோ கேட்டார்.

"பொய் சொல்லாதே. கண்ணாடியை மூடியிருக்கிறாய். யார் செத்தது?"

"என் தம்பி" என்றேன்.

ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு சொல். தமிழில் பதினைந்து வருடமாக வராதது, அலுப்பில், ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டது.

பெயர் கேட்டார். சொன்னேன். குகன் என்று திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். வயது கேட்டார். சொன்னேன். பிறகு குனிந்து என் வேலைச் சட்டையின் கழுத்தைப் பிடித்தார். கரண்டி பிடிக்க முடியாத கை அது. ஒரே இழுவையில் துணி நெஞ்சு வரைக்கும் கிழிந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்படியே இருந்தேன்.

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. பத்து நிமிடம் போனது. அரை மணித்தியாலம் போனது. கேட்கவேயில்லை. தினமும் காலையில் என்னைப் புதிதாகப் பார்க்கிற மனுசி, மூன்று மணிக்கு நான் மருந்து கொடுக்கப் போனபோது நிமிர்ந்து பார்த்து, குகனுக்குக் கலியாணம் நடந்ததா என்று கேட்டார்.

மருந்தை விழுங்கக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

வந்தவர்கள்

அதற்குப் பிறகுதான் அந்தப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள்.

எவ்வளவு நேரம்தான் கோப்பையைத் துடைப்பது? முன்னறைக்கு வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நான் வாயைத் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒரு சின்ன மனிதர், முதலில் வந்தவர்தான், மற்றவர்களுக்காகப் பேசினார். கீழ்மாடியில் பின்னேரப் பிரார்த்தனைக்கு வெளியிலிருந்து வந்து கூடுகிறவர்கள் நாங்கள், கண்ணாடி மூடியிருக்கிறது என்று சாப்பாடு கொண்டுவந்தவர் சொல்லி வந்திருக்கிறோம், மகளுக்குப் போன் எடுத்தும் கிடைக்கவில்லை, மிஸிஸ் பெர்ல் யாரை இழந்திருக்கிறார் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடியை மூடுவது அவர்களுடைய சாவீட்டு அடையாளம். பூட்டாத கதவும் முக்காலியும் கிழித்த சட்டையும் அதோடு சேர்ந்தவை. துக்கக்காரர் பேசும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது என்பதும் வழக்கம் என்று பிறகு அறிந்தேன்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருவரும் சாகவில்லை, மறதி நோய்க்காக நான்தான் மூடினேன், எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது என்று உளறினேன். பின்னால் நின்ற ஒருவர் சிரிக்கப் பார்த்து அடக்கினார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர்கள் எழும்பத் தொடங்கினார்கள்.

முக்காலியில் இருந்து மிஸிஸ் பெர்லின் குரல் வந்தது.

"எங்கே போகிறீர்கள்? அவளுடைய தம்பி. குகன். இருபத்தாறு வயது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கிழிந்த சட்டைக் கழுத்தைப் பார்த்தார்கள். அந்தச் சின்ன மனிதர், உண்மையா என்று கேட்டார். ஓம் என்றேன். ஆங்கிலம் வரவில்லை, ஆனால் தலையாட்டியது அவருக்கு விளங்கியது. செய்தி எப்போது கிடைத்தது என்று கேட்டார். செய்தி கிடைக்கவில்லை, ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, பதினைந்து வருடமாகிறது, இன்றைக்கு மத்தியானம்தான் நான் முதல்முதலாக வாயால் சொன்னேன் என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரோடு வேறு மொழியில் ஏதோ பேசினார். இருவரும் கொஞ்சம் தர்க்கப்பட்டார்கள். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எங்கள் முறையில் துக்கம் ஏழு நாள். ஆனால் செய்தி நன்றாகப் பிந்தி வந்தால் ஏழு நாள் இல்லை. ஒரு மணித்தியாலம். நீ எங்கள் ஆள் இல்லை, உனக்கு இந்தச் சட்டம் இல்லை. நாங்கள் சொல்கிற பிரார்த்தனையையும் சொல்லமாட்டோம். ஆனால் வந்துவிட்டோம். கதிரையும் இருக்கிறது."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கீழே இருக்கச் சொன்னார். முக்காலிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். தம்பியைப் பற்றிச் சொல் என்றார்.

குகனைப் பற்றி என்ன சொல்வது? சோம்பேறி என்றேன். தேங்காய் துருவ இருத்தினால் பாதியைத் தின்றுவிடுவான். சைக்கிள் பழக ஆசைப்பட்டு அயல் வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் மோதினான். தவளைக்குப் பயம். விசில் அடிக்க வராது, வருகிறது என்று சொல்லிக் காற்றை மட்டும் ஊதுவான். கிழவர்கள் சிரித்தார்கள். ஒருவர், என் அண்ணனுக்கும் வராது என்றார். கடைசியாகப் போனில் பேசியபோது, அக்கா நல்ல சப்பாத்து ஒரு சோடி அனுப்பு என்று கேட்டான். நான் அனுப்பவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. இதை நான் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

இதைச் சொல்லும்போது அழுதேன். ஒருவரும் அழாதே என்று சொல்லவில்லை.

நடுவில் ஒருமுறை மிஸிஸ் பெர்ல் எனக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு முக்காலியைக் கொஞ்சம் தள்ளி, எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டார். அந்தச் சின்ன மனிதர் அதைக் கண்டார். நானும் கண்டேன்.

மணித்தியாலம் முடிந்ததும் அவர் என்னை எழும்பச் சொன்னார். பிறகு அவர்களும் எழும்பி, வந்ததுபோலவே ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் போனார்கள்.

முந்திப் போன பெட்டி

கதவு சாத்தியதும் போன் அடித்தது. நிலையத்தில் எங்கள் வேலைகளை ஒழுங்குபடுத்தும் மிரியம். திட்டப் போகிறாள் என்று நினைத்தால், குரல் தழுதழுத்தது. வந்தவர்களில் ஒருவர் நடுவில் வெளியே போய்த் தனக்குச் சொல்லிவிட்டாராம். நீ உடனே வீட்டுக்குப் போ, இரவுப் பெண் முந்தி வருகிறாள், சாப்பாடு அனுப்பிவிட்டேன், துக்க வீட்டில் முதல்நாள் அடுப்பு மூட்டக்கூடாது என்றாள். நன்றி சொன்னேன். மாற்றுக்கு ஆள் வந்ததும் கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஃபிஞ்ச் பஸ்ஸில் பாதித் தூரம் வந்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. எந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினாள்? நான் வெளிக்கிடும்வரை மிஸிஸ் பெர்ல் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. நிலையத்துக் கோப்பில் என் விலாசம் இருக்கிறது. ஸ்காபரோ வீட்டில் அம்மா தனியே இருக்கிறார்.

போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. மூன்று தடவை எடுத்தேன். அம்மா இரண்டாம் மணியில் எடுக்கிறவர். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது, ஏற ஆள் இல்லாத தரிப்பிலும் நின்று கதவைத் திறந்தது. நான் பதினைந்து வருடம் விழுங்கி வைத்திருந்த வசனம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது.

வீட்டின் முன்பக்கத்தில் விளக்கு எரியவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. குசினி விளக்கை மட்டும் போட்டுவிட்டு அம்மா முன்னறையில் நிலத்தில் இருந்தார். முழங்கால் வருத்தத்தில் அவர் நிலத்தில் உட்கார்ந்து பல வருடம். முன்னால் ஒரு அட்டைப்பெட்டி திறந்தபடி இருந்தது. அவித்த முட்டைகள், வட்டமான பாண், மூடி போட்ட பாத்திரத்தில் பருப்பு. பெட்டியோடு வந்த கடித உறை உடைபடவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"ஒரு வயசான வெள்ளைக்காரன். கதவைத் திறந்தன், ஒண்டும் கதைக்கேல்லை. பெட்டியைத் தந்திட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு கொஞ்ச நேரம் நிண்டவன். பிறகு போட்டு வாறன் எண்டு சொல்லாமப் போட்டான்."

எங்கள் ஆட்கள் ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். அது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இதை வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். வாயாடிப் பல்வைத்தியர் ஒரு சொல் பேசாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கோட்டைக் கழற்றினேன். அம்மா என் கிழிந்த சட்டைக் கழுத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லிட்டியோ?"

"ஓம் அம்மா."

அவர் எழும்புவார், போய்க் கதவைத் திறந்து பிடிப்பார் என்று நின்றேன். சப்பாத்தைக்கூட நான் கழற்றவில்லை. போவதற்கு வேறு இடம் இருக்கிறதா என்றுகூட மனம் ஓடியது. அம்மா எழும்பவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இத்தனை வருசத்தில என்ர வீட்டுக்கு ஒருத்தரும் ஒரு பிடி சோறு கொண்டு வரேல்லை, பிள்ளை" என்றார்.

முட்டையை உடைக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்து, வாங்கி உரித்துக் கொடுத்தேன்.